சினை மாட்டின் இரத்தம் சொல்வது என்ன?

பால் வற்றிய சினைப் பசுவுக்குத் தீவனத்தைக் குறைப்பது பல இடங்களில் வழக்கமாக உள்ளது. கறக்காத மாட்டுக்குப் பிண்ணாக்கு வீண் என்பது ஒரு காரணம். கன்று பெருத்தால் ஈனுவது கடினம் என்பது மற்றொன்று. இரண்டும் சரியல்ல.

கன்றின் பிறப்பு எடையில் பாதிக்கு மேல் கடைசி மூன்று மாதங்களில்தான் சேருகிறது. அப்போது தீவனம் போதாவிட்டால் பசு தன் உடல் கொழுப்பைக் கரைத்துக் காலம் தள்ளுகிறது. இரத்தத்தில் கொழுப்பு அமிலங்கள் ஏறுகின்றன, சர்க்கரை குறைகிறது. புரதம் குறைந்த தீவனமானால் யூரியா அளவும் தாழ்கிறது.

இந்த அளவுகளைக் கொண்டு மட்டும் கன்றின் எடையைக் கணித்துவிட முடியாது. இனம், பொலிகாளை, பசுவின் ஈற்று ஆகியவையும் எடையை நிர்ணயிக்கின்றன. இரத்தம் சொல்வது பசுவின் பசியைத்தான்.

அமெரிக்காவில் இறைச்சி மாடுகளுக்குக் கடைசி மாதங்களில் தீவனத்தைக் குறைத்துப் பார்த்தார்கள். கன்றின் எடை குறைந்ததே தவிர, ஈனும் சிரமம் குறையவில்லை.

பசுவின் பசியை அறிய சிறு விவசாயி ஆய்வுக்கூடம் தேட வேண்டியதில்லை. விலா எலும்புகளும் இடுப்பெலும்பும் துருத்தித் தெரிந்தாலே போதும். ஈனுவதற்கு இரண்டு மாதம் முன்பே கறவையை நிறுத்தி, பசுந்தீவனத்துடன் நாளொன்றுக்கு 1 முதல் 1.5 கிலோ அடர்தீவனமும், தாது உப்புக் கலவையும் கொடுக்க வேண்டும். அளவு மீறிக் கொழுக்க வைப்பதும் கூடாது. கொழுத்த மாடும் ஈனச் சிரமப்படும்.

நலிந்து பிறந்த கன்று எழுந்து நின்று சீம்பால் குடிக்கத் திணறும். மெலிந்த பசு மீண்டும் பருவத்துக்கு வரத் தாமதமாகும். மிச்சம் பிடித்த பிண்ணாக்கு இந்த நட்டத்தை ஈடு செய்யாது.