முதற் பட்டதாரிக்கு ஒரு மாலை

பல்கலைக்கழகச் சங்கங்கள் வெளியிடும் மலர்களிலே பழைய மாணவர் பற்றிய பக்கங்கள் பெரிதும் விரும்பிப் படிக்கப்படுவன. இன்னார் பதவியுயர்வு பெற்றார், இன்னார் கலாநிதிப் பட்ட ஆய்வுக்கெனக் கடல் கடந்தார், இன்னாருக்குத் திருமணம் நிறைவேறியது என வரும் செய்திகளிற் குறை காண யாதுமில்லை. ஆயின், ஹட்டன், தலவாக்கலை, மஸ்கெலியா, நுவரெலியா ஆகிய பகுதிகளின் தேயிலைத் தோட்டங்களிற் பிறந்து வந்த ஒருவரைப் பற்றி எழுதுமிடத்து இதே பட்டியல் வேறொரு பொருளைக் கொண்டுவிடுகிறது. லயத்தை விட்டு எவ்வளவு தூரம் சென்றாரோ அவ்வளவுக்கு முன்னேறினார் என்பதே அங்கு அளவுகோல். கொழும்புக்குச் சென்றவர் ஓரளவு முன்னேறியவர். இலண்டனுக்கோ ரொறன்ரோவுக்கோ சென்றவர் முற்றாக முன்னேறியவர். தாம் பிறந்த தோட்டத்தின் பாடசாலைக்கே ஆசிரியராகத் திரும்பியவருக்கு ஒரு வரி கிடைத்தால் அதுவே பெரிது.

இவ்வளவுகோல் எவ்வளவு பொருந்தாதது என்பதற்கு வரலாறே சான்று. இலங்கைப் பல்கலைக்கழகம் 1942இல் நிறுவப்பட்டது. 1945இல் இலவசக் கல்வி வந்தது. 1948இல் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. கல்வியின் கதவு திறந்த அதே பத்தாண்டினுள் நாட்டின் கதவு மலையக மக்களுக்குச் சாத்தப்பட்டது. அரசாங்க உத்தியோகம் பிரஜைக்கே உரியதாகையால், அத்தலைமுறையிற் படித்துத் தேறிய தோட்டத்துப் பிள்ளைக்கு வாழ்க்கையின் முதல் மைல்கல் பட்டச் சான்றிதழன்று, பிரஜாவுரிமைச் சான்றிதழே. 1964இன் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப முடிவு செய்தபோது, அவ்வெண்ணிக்கையுள் எழுத்தறிந்தோரும் ஆசிரியரும் அடங்குவரென்பதை எவரும் கணக்கில் எடுத்திலர். ஹட்டன் ஹைலன்ஸ் கல்லூரியில் ஆசிரியராகவும் அதிபராகவும் இருந்து ஓர் இளந்தலைமுறையையே உருவாக்கிய இர. சிவலிங்கம் பின்னர் தமிழகம் சென்று, அங்கு குடியேற்றப்பட்ட மக்களிடையே பணிபுரிந்தார். பதவி வரிசையை மாத்திரம் குறிக்கும் ஒரு பட்டியலில் அவரை எந்த நிரலில் எழுதுவது?

தோட்டப் பாடசாலை பற்றி அதிகம் கூறத் தேவையில்லை. ஓராசிரியர், ஒரே மண்டபம், ஐந்தாம் வகுப்போடு முற்றுப்பெறும் படிப்பு. 1977இற் தொடங்கிப் படிப்படியாக அரசு பொறுப்பேற்கும் வரை பெரும்பாலான தோட்டங்களில் இதுவே நிலைமை. அதன் பின்னர் மாற்றங்கள் ஏற்பட்டன என்பதை மறுப்பது நேர்மையாகாது. பத்தனை ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி ஆசிரியர்களை உருவாக்கித் தந்தது. பல்கலைக்கழக அனுமதியில் நுவரெலியா பின்தங்கிய 16 மாவட்டங்களுள் ஒன்றாகக் கொள்ளப்படுகிறது. ஆயினும் மாவட்டம் வேறு, தோட்டம் வேறு. நகரத்துக் கல்லூரியில், பிரத்தியேக வகுப்புகளின் துணையோடு பயின்றவரும் நுவரெலியா மாவட்டத்தவரே. உயர்தர விஞ்ஞானப் பிரிவே இல்லாத பாடசாலையிற் பயின்று, வேறு வழியின்றிக் கலைப்பிரிவுக்குச் சென்றவரும் நுவரெலியா மாவட்டத்தவரே. மாவட்டத்தின் பெயரால் வழங்கப்படும் சலுகை தோட்டத்தின் வாசல் வரை வந்து சேர்ந்ததா என்பதை மாவட்டப் புள்ளிவிவரம் ஒருபோதும் கூறாது.

இந்நிலையிலேதான் பாராட்டு விழாக்கள் நிகழ்கின்றன. தோட்டத்துக் கோயில் முன்றலில் பந்தலிட்டு, தொழிற்சங்கத் தலைவரை முன்வரிசையில் அமர்த்தி, 'இத்தோட்டத்தின் முதற் பட்டதாரி' எனவும் 'முதல் வைத்தியர்' எனவும் மாலை சூட்டுகின்றனர். மாலைக்குரிய பிள்ளையின் உழைப்பை எவரும் குறைத்து மதிப்பிடலாகாது. ஆனால் அந்த 'முதல்' என்ற சொல் எவரைச் சுட்டுகிறது? லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை பயிரிட்டது 1867இல். ஒன்றரை நூற்றாண்டு கொழுந்து பறித்த ஒரு தோட்டத்தில் இப்போதுதான் முதற் பட்டதாரி என்றால், அது சாதனை அறிவிப்பன்று, குற்றப்பத்திரம். அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர்களே மாலையை எடுத்துக் கொடுக்கிறார்கள் என்பதுதான் வேடிக்கை.

இங்கு ஒரு மறுப்பு எழும். அது நியாயமான மறுப்பே. யாழ்ப்பாணத்து வைத்தியரையோ கொழும்புப் பொறியியலாளரையோ ஊருக்குத் திரும்புமாறு கேளாதவர், மலையகப் பட்டதாரியிடம் மட்டும் அதனைக் கேட்பது எங்ஙனம்? தாயின் நாட்சம்பளம் 1,000 ரூபாயை எட்டுவதற்கு 2021 வரை காத்திருக்க நேர்ந்த குடும்பத்தில், முதல் உத்தியோகத்தின் சம்பளம் தம்பி தங்கையரின் படிப்பாகவும் தந்தையின் மருந்தாகவும் ஒரு துண்டு நிலத்தின் முற்பணமாகவும் மாறுகிறது. அத்தகையவரிடம் தியாகம் பற்றிப் பேசுவது, பேராதனையிலோ கொழும்பிலோ வசதியாக அமர்ந்திருப்போர்க்கு மிக மலிவான அறவுரை. ஆகையால் திரும்பாதவரைக் குற்றஞ்சாட்டுதல் இங்கு பொருளன்று. திரும்பியவரைக் காணாத பட்டியலும், அதனைத் தயாரிக்கும் சங்கங்களுமே கண்டனத்துக்குரியன.

திரும்புதல் என்பது உடலாற் திரும்புதல் மட்டுமன்று. பதுளையைச் சேர்ந்த மு. நித்தியானந்தன் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திற் பொருளியல் விரிவுரையாளராயிருந்தவர். பட்டியல் குறிப்பது அந்தப் பதவியைத்தான். ஆனால் அவர் வைகறை வெளியீடாகத் தெளிவத்தை ஜோசப்பின் 'நாமிருக்கும் நாடே' தொகுதியை 1979இலும், என்.எஸ்.எம். இராமையாவின் 'ஒரு கூடைக் கொழுந்து' தொகுதியை 1980இலும் கொண்டுவந்தார். பத்திரிகைகளிற் சிதறிக் கிடந்த மலையகச் சிறுகதை அத்தொகுதிகளால் நூல் வடிவில் நிலைபெற்றது. அவ்விரு எழுத்தாளரும் பல்கலைக்கழகப் பட்டதாரிகளல்லர் என்பதும், அவர்தம் எழுத்து இன்று பட்டதாரிகளின் ஆய்வுப் பொருளாகியிருப்பதும் சிந்திக்கற்பாலன.

எனவே சங்கங்கள் தம் பட்டியலின் நிரல்களை மாற்றுதல் வேண்டும். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே அவர் முதலிற் பயின்ற தோட்டப் பாடசாலையின் பெயரை எழுதுக. அவருக்குப் பின் அப்பாடசாலையிலிருந்து எத்தனை பேர் பல்கலைக்கழகம் புகுந்தனர், அப்பகுதித் தமிழ்ப் பாடசாலைகளுள் எதிலாவது இன்று பௌதிகவியலுக்கும் இரசாயனவியலுக்கும் ஆசிரியர் உண்டா, வாசிகசாலைக்கு எவரேனும் ஒரு நூலாவது அனுப்பினரா என்பனவற்றைக் கேட்டு எழுதுக. விடைகள் பல வெற்றிடங்களாகவே இருக்கும். அவ்வெற்றிடங்களையும் அவ்வாறே அச்சிடுக. மலரில் இடம் போதாதெனின், திருமணச் செய்திகளைச் சற்றுச் சுருக்கிக் கொள்ளலாம்.