சிறுமின் இகழற்க

நூறு பங்கு வெப்பத்தில் ஆறேழு பங்கையே மின்னாக்குவதும் ஒரு கருவியோ என எள்ளுவார் உளர். கணக்கு மெய்யே, எள்ளல் பொருந்தாது.

1821 இல் செருமானிய அறிஞர் சீபெக்கு, இருவேறு மாழைகளை வளையமாக இணைத்து ஒரு பொருத்தைச் சூடாக்கினார். அருகிருந்த திசைகாட்டி ஊசி திரும்பிற்று. அதனைக் காந்த விளைவு என்றே அவர் கொண்டார். ஓடியது மின்னோட்டமே எனத் தெளிந்து, 'வெப்பமின்' எனப் பொருள்படப் பெயரிட்டவர் தென்மார்க்கு நாட்டு எர்சுடெட்டு. கண்டவர் ஒருவர், அறிந்தவர் மற்றொருவர்!

இவ்வழி வந்த மின்னாக்கியில் சுழல்வதும் தேய்வதும் ஒன்றுமில்லை. ஒருபுறம் வெம்மை, மறுபுறம் தண்மை, அவ்வளவே. ஊருக்கு விளக்கெரிக்க இதனை நாடுவது பேதைமை என்பதை யாமும் ஒப்புவோம். ஆனால், 1977 இல் அமெரிக்கர் ஏவிய வாயேசர் விண்கலங்கள் இரண்டும் இதனையே நம்பிப் புறப்பட்டன. ஒவ்வொன்றிலும் புளூட்டோனியம் சிதைந்து தந்த ஏறத்தாழ 7,000 வாட்டு வெப்பத்தினின்று 470 வாட்டு மின்னே கிடைத்தது. ஆண்டுதோறும் அதுவும் நான்கு வாட்டளவு குறைய, ஆய்வுக் கருவிகளை ஒவ்வொன்றாக அணைத்துக் கலங்களைக் காத்து வந்தனர். கதிரவனொளி நலிந்து போன 1,500 கோடிக் கல் தொலைவிலிருந்து, 2024 இலும் முதற்கலம் செய்தி விடுத்தது. நூற்றுக்கு நாற்பது பங்கு தரும் நீராவிச் சுழலியை அங்கு அனுப்பியிருப்பின், அதன் அச்சுக்கு எண்ணெய் இடச் செல்பவர் யாரோ?