கதவு ஒன்று, அடுப்பு மூன்று

தொண்டு நிறுவனங்களுக்கு இப்போது தரவு அறிவியல் மோகம். ஆண்டாப் ஹில்லில் பால்வாடி நடத்துகிறவர்கள்கூட நிதி கேட்கப் போகும்போது மடிக்கணினியில் நாலு வரைபடம் காட்ட வேண்டியிருக்கிறது. பயிற்சி வகுப்புகளில் முதல் நாளே படம் போடக் கற்றுத் தருகிறார்கள். எதை எண்ணினோம் என்ற கேள்விதான் கடைசி நாளுக்குத் தள்ளிப்போகிறது.

ஆங்கிலப் படிவங்களைத் தமிழாக்குகிறவர்களுக்குத் தொல்லை தரும் சொல் 'ஹவுஸ்ஹோல்டு'. பலரும் 'வீடு' என்று எழுதிவிடுகிறார்கள். ஆனால் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அதற்குப் பொருள், சேர்ந்து வாழ்ந்து ஒரே சமையலில் சாப்பிடுகிறவர்கள். நம் பாட்டிகளுக்கு இது தெரியும். 'தனி அடுப்பு வைத்துவிட்டான்' என்றால் குடும்பம் பிரிந்துவிட்டது என்று அர்த்தம். ஆண்டாப் ஹில் சந்து ஒன்றில் கீழே அண்ணன், மேல்தட்டில் தம்பி, பின்னறையில் வாடகைக்குத் திருநெல்வேலிக் குடும்பம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கதவை எண்ணினால் இரண்டு குடும்பங்கள் காகிதத்திலிருந்து காணாமல்போகும்.

சயான் ரயில் பாதைக்கு அந்தப் பக்கம், தாராவியில், இது நடந்த கதை. 1985இல் ராஜீவ் காந்தி பம்பாய்க்கு 100 கோடி ரூபாய் அறிவித்தார். தாராவியில் எத்தனை பேர் என்பதில் அரசோடு குடிசைவாசிகளுக்கு உடன்பாடில்லை. கோலார் தங்கவயலில் பிறந்த தமிழர் ஜோக்கின் அற்புதத்தின் தேசிய குடிசைவாசிகள் சம்மேளனம் 1986இல் தானே எண்ணியது. சுமார் 80,500 கட்டடங்கள். அவற்றில் சுமார் 1,06,000 குடும்பங்கள். ஐந்து லட்சத்துக்கும் அதிகமான மக்கள். கட்டடத்துக்கும் குடும்பத்துக்கும் இடையே விழுந்த 25,000 சொச்சத்தைப் பாருங்கள். எந்த மென்பொருளும் இதைத் தானாகக் கண்டுபிடிக்காது.

சராசரியும் லேசுப்பட்டதல்ல. ஒன்பது குடும்பங்களுக்கு மாதம் 12,000 ரூபாய், பத்தாவதான கடைக்காரருக்கு 1,92,000. சராசரி 30,000! அந்த வருமானம் உள்ளவர் அங்கே ஒருவர்கூட இல்லை. வரிசைப்படுத்தி நடுவில் நிற்பதை எடுத்தால் 12,000. இந்த இடைநிலை அளவைப் பள்ளியில் படித்தோம், மறந்துவிட்டோம். பூட்டிய வீட்டுக்கு நேரே பூஜ்யம் போடுவது இன்னொரு வழக்கம். வேலைக்குப் போன பெண்ணுக்கு வருமானமே இல்லை என்று ஆகிவிடும்.

2024இல் தாராவியில் மறுபடி கணக்கெடுப்பு தொடங்கியது. 2000 ஜனவரி 1க்கு முன்பிருந்து தரைத்தளத்தில் வசிப்பவருக்குத் தாராவியிலேயே 350 சதுர அடி இலவச வீடு. மேல்தளக்காரருக்கு வெளியே, வாடகை முறையில். அண்ணனும் தம்பியும் எங்கே வாழ்வார்கள் என்பதைப் படிவத்தில் 'தளம்' என்ற ஒரு கட்டம் தீர்மானிக்கிறது.

எனவே புதிதாகக் கணக்கெடுக்கக் கிளம்பும் பிள்ளைகள், எழுதியதைக் குடும்பத்தாரிடம் உரக்கப் படித்துக் காட்டி, ஒரு நகலையும் கொடுத்துவிட்டு வரட்டும். தமிழ்ப் பெயரின் இனிஷியலைக் குடும்பப் பெயருக்கான கட்டத்தில் என்னவாக விரித்திருக்கிறீர்கள், அது ரேஷன் கார்டோடு ஒத்துப்போகிறதா என்பதை அவர்கள்தான் முதலில் கவனிப்பார்கள்.