ஊருக்குள் வாழும் பணியாளரும் நகரத்து எல்லைக்கோடும்

சமூகப்பணி முதுகலை வகுப்புகளில் 'இரட்டை உறவு' என்னும் பாடம் பெரும்பாலும் ஒரே சொல்லில் முடிந்துவிடுகிறது: தவிர்க்க. அமெரிக்காவின் தேசிய சமூகப்பணியாளர் சங்கத்தின் நெறிமுறைக் கோவைகூட அவ்வளவு தூரம் செல்வதில்லை. சுரண்டலுக்கோ தீங்குக்கோ இடமளிக்கும் உறவுகளையே அது விலக்குகிறது. தவிர்க்க இயலாத இடத்தில் பயனாளியைக் காக்கும் பொறுப்பைப் பணியாளர்மீது சுமத்துகிறது. இந்தப் பிற்பாதி பாடக்குறிப்புகளில் உதிர்ந்துபோகிறது. தேர்வுக்கு முற்பாதியே போதும் போலும்.

'தவிர்க்க இயலாத இடம்' என்பதுதான் இந்தியக் கிராமத்தின் இயல்பு நிலை. ஏறத்தாழ 1,000 பேருக்கு ஒருவராக நியமிக்கப்படும் ஆஷா பணியாளர் அதே ஊரில் வசிக்கும் பெண்ணாக இருக்க வேண்டும் என்பது, 2005இல் தொடங்கிய தேசிய ஊரகச் சுகாதார இயக்கம் வகுத்த தகுதி. அவர் ஒரு வீட்டின் மருமகள். இன்னொரு வீட்டுக்குக் கடன்பட்டவர். வேறொரு வீட்டோடு வரப்புத் தகராறு உள்ளவர். ஊரார் அவரை நம்புவதும் இந்த உறவுகளால்தான், அவரிடம் சொல்லத் தயங்குவதும் இதே உறவுகளால்தான். ஆக, இங்கே இரட்டை உறவு பிறழ்வன்று. திட்டத்தின் அடித்தளமே அதுதான். அந்த உறவின் பயனை அரசு எடுத்துக்கொள்கிறது. அதன் இடரை யார் சுமப்பது?

பன்வாரி தேவியின் வழக்கு இக்கேள்விக்கு உரிய சான்று. ராஜஸ்தான் அரசு 1984இல் தொடங்கிய மகளிர் மேம்பாட்டுத் திட்டத்தில் அவர் பட்டேரி கிராமத்தின் 'சாத்தின்', அதாவது தோழி. குயவர் சமூகத்தைச் சேர்ந்தவர். 1992இல் செல்வாக்கு மிக்க குஜ்ஜர் குடும்பம் ஒன்றில் கைக்குழந்தைக்கு நடக்கவிருந்த திருமணத்தைத் தடுக்க முயன்றார். அது அரசு இட்ட பணி. ஊரோ அதை அண்டைவீட்டாள் செய்த துரோகமாகக் கண்டது. ஊர் விலக்கும் அதே ஆண்டு செப்டம்பரில் கூட்டு வன்கொடுமையும் அவருக்கு நேர்ந்தன. 1995இல் விசாரணை நீதிமன்றம் அவ்வன்கொடுமைக் குற்றச்சாட்டிலிருந்து எதிரிகளை விடுவித்தது. 1997இன் விசாகா தீர்ப்பு இதிலிருந்து எழுந்தது. பணியிடப் பாலியல் துன்புறுத்தல் பற்றிய தீர்ப்பாக மட்டுமே அது பயிலப்படுகிறது. ஒருவருடைய பணியிடமும் வாழிடமும் ஒன்றாயிருப்பதன் விலை என்ன என்ற கோணத்தில் சமூகப்பணித் துறைகள் அதை வாசிப்பது அரிது.

சாதியைத் தவிர்த்துவிட்டு இங்கே எல்லையைப் பற்றிப் பேச முடியாது. பயனாளியிடம் எதையும் பெறலாகாது என்ற விதியை நம்பி, தலித் குடியிருப்பில் நீட்டப்பட்ட தேநீரை மறுக்கும் களப்பணி மாணவர், தம்மை அறியாமலேயே ஒரு பழைய வாக்கியத்தை உச்சரித்துவிடுகிறார். ஊர்த்தெருவில் மட்டும் அமர்ந்து தேநீர் அருந்துபவரும் அதையே உச்சரிக்கிறார். அன்பளிப்பு பற்றிய விதி தன்னளவில் தவறன்று. யார் வீட்டு வாசலில் அது சொல்லப்படுகிறது என்பதை அந்த விதி கேட்பதில்லை, அவ்வளவே.

சட்டமும் கேட்பதில்லை. குழந்தைக்கு எதிரான பாலியல் குற்றத்தை அறிந்தவர் எவரும் தெரிவித்தாக வேண்டும் என்கிறது 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம், தவறினால் தண்டனை. உறவினர் என்பதற்காக விலக்கில்லை, இருக்கவும் கூடாது. ஆனால் புகார் கொடுத்த மாலையிலும் அதே தெருவுக்குத் திரும்ப வேண்டிய பணியாளருக்கு நிறுவனம் என்ன செய்யும் என்பதற்கு எழுதப்பட்ட விடை தேவை. மருத்துவருக்கும் வழக்கறிஞருக்கும் இருப்பதுபோல் சமூகப்பணித் தொழில் முழுமைக்குமான சட்டபூர்வ மன்றம் இந்தியாவில் இல்லாததால், அந்த விடையைத் தன்னார்வ நிறுவனங்களும் பல்கலைக்கழகத் துறைகளும்தான் எழுதியாக வேண்டும்.

தொடக்கம் எளிதானதே. 'உன் மாமியார் எனக்குச் சித்தி. வேறொருவரிடம் பேச விருப்பமா?' என்று முதற்சந்திப்பிலேயே கேட்கும் வழக்கம். நெருங்கிய உறவினரின் வழக்கை அடுத்த ஊர்ப் பணியாளருக்கு மாற்றும் உரிமை. பயனாளி தெரிந்தவரையே விரும்பினால் மாற்றாதிருக்கும் நெகிழ்வு. பதிவேடு பணியாளரின் வீட்டு அலமாரியில் கணவர் கைக்கெட்டும்படி கிடக்காமலிருக்க ஒரு பூட்டுப் பெட்டி. களப்பணி மேற்பார்வையாளர் நாட்குறிப்பில் கையொப்பமிடும்முன் கேட்க வேண்டிய கேள்வியும் ஒன்று உண்டு: இவர் உனக்கு என்ன முறை?