மலையேற்றமும் புற்றுநோய் நிதியும்

உயர்ந்த மலைகளில் ஏறிப் புற்றுநோய்ச் சிகிச்சைக்கும் ஆராய்ச்சிக்கும் நிதி திரட்டும் வழக்கம் மேனாடுகளில் வேரூன்றியிருக்கிறது. 1995-ல், மார்பகப் புற்றுநோய் கண்டு பிழைத்த 17 அமெரிக்கப் பெண்மணிகள் இக்காரியத்துக்காகவே தென் அமெரிக்காவின் அகொன்காகுவா மலைக்குப் புறப்பட்டனர். 6,961 மீட்டர் உயரமுள்ள அம்மலையின் சிகரத்தைச் சிலரே எட்டினர். ஆயினும் ஆராய்ச்சிக்குப் பெருந்தொகை சேர்ந்தது. இந்நோய் வந்தால் வாழ்வு முடிந்தது என்ற பீதிக்கும் அவர்கள் தக்க பதில் அளித்தனர்.

பிரயாணச் செலவையே தர்மமாகக் கொடுத்துவிடலாகாதா என்று கேட்போர் உண்டு. கேள்வி நியாயமானதே. ஜனங்கள் கொடுத்த பணத்தில் ஏறுவோரின் விமானக் கட்டணமும் விடுதி வாடகையும் போக மிஞ்சியதுதான் நோயாளிக்கு என்றால், அதற்குப் பெயர் தர்மமன்று, உல்லாசப் பிரயாணம். ஏறுகிறவர் தம் செலவைத் தாமே ஏற்க வேண்டும். வரவு செலவுக் கணக்கைப் பகிரங்கமாக வெளியிட வேண்டும். இவ்விரண்டும் இருந்தால் நமக்கு ஆட்சேபமில்லை.

பொதுக் காரியத்துக்குக் கொடுப்பது நெல்லைச் சீமைக்குப் புதிதன்று. 1843-ல் திறக்கப்பட்ட தாமிரபரணிப் பாலத்துக்கு ஜனங்களிடம் வசூல் செய்ய யோசித்தபோது, முழுச் செலவையும் சுலோசன முதலியார் ஒருவரே ஏற்றார். ஆனால் பாலத்தை ஒரு முறை கட்டினால் போதும். நோயாளிகளோ ஆண்டுதோறும் வந்துகொண்டேயிருப்பார்கள். இது ஒரு தனவந்தரால் ஆகிற காரியமன்று. பலரின் சிறு தொகைகளால் ஆக வேண்டியது. தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, ஊர் ஊராக நிதி திரட்டியே அடையாற்றில் புற்றுநோய் நிலையத்தை நிறுவினார். 1954-ல் 12 படுக்கைகளுடன் அது தொடங்கியது.

திரட்டும் பணம் எதற்குப் போக வேண்டும்? திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் கதிர்வீச்சுச் சிகிச்சைக்குக் கட்டணமில்லை. ஆனால் அச்சிகிச்சை பல வாரங்கள், வாரத்துக்கு ஐந்து நாள் நடப்பது. பாபநாசத்திலிருந்தோ களக்காட்டிலிருந்தோ வரும் கூலிக்காரரும் துணைக்கு வருபவரும் அத்தனை நாளும் கூலியை இழக்கிறார்கள். பஸ் கட்டணமும் சாப்பாடும் கைப்பணத்தில்தான். திருவனந்தபுரத்துக்கோ சென்னைக்கோ போக நேர்ந்தால் தங்கும் செலவும் சேர்கிறது. சிகிச்சை பாதியில் நின்றால் நோய் மீண்டும் தலையெடுக்கும். மருந்து இலவசமாயிருந்தும் பஸ் கட்டணம் இல்லாமல் ஓர் உயிர் போவதைவிட வெட்கக்கேடு வேறில்லை. ஆகவே முதல் ரூபாய் பிரயாணத்துக்கும் தங்குமிடத்துக்கும் உணவுக்கும் போக வேண்டுமென்று வற்புறுத்துகிறோம்.

நம்மவர் எங்கே ஏறுவது? தாமிரபரணி பிறக்கும் பொதிகை 1,868 மீட்டர் உயரமுள்ளது. இமயமலைக்கு ஓட வேண்டியதில்லை. ஆனால் அது களக்காடு–முண்டந்துறைப் புலிகள் காப்பகத்தைச் சேர்ந்த வனப்பகுதி. கூட்டம் போட்டு ஏறத் தக்க இடமன்று. 2018-ல் குரங்கணியில் காட்டுத் தீக்கு இருபதுக்கும் மேற்பட்டோர் பலியானதை மறக்கலாகாது. வனத்துறையின் அனுமதியுடன் தேர்ந்த சிலர் ஏறட்டும். மற்றவர்கள் பாபநாசத்திலிருந்து புன்னைக்காயல் வரை ஆற்றங்கரையோடு நடந்து ஊருக்கு ஊர் உண்டி ஏந்தட்டும்.

அப்படி நடப்போர் பணம் மட்டும் கேட்டுத் திரும்பலாகாது. பீடி சுற்றிப் பிழைக்கும் குடும்பங்கள் நிறைந்த பிரதேசம் இது. புகையிலை வாய்க்கும் தொண்டைக்கும் நுரையீரலுக்கும் என்ன செய்கிறது என்பதை அவ்வீடுகளின் திண்ணையிலேயே, அவர்கள் பிழைப்பைப் பழிக்காமல், எடுத்துச் சொல்ல வேண்டும். கருப்பைவாய்ப் புற்றுநோயை முன்கூட்டியே கண்டறியும் சோதனைக்குப் பெண்களை அழைக்க வேண்டும். ஆரம்பத்தில் கண்டால் குணமாகும் நோய், கூச்சத்தால் மறைக்கப்பட்டு முற்றுகிறது.

மலையின் உச்சியை எத்தனை பேர் தொட்டார்கள் என்பதைப் பற்றி நமக்குக் கவலையில்லை. எத்தனை நோயாளிகள் சிகிச்சையைக் கடைசி நாள் வரை முடித்து வீடு திரும்பினார்கள் என்பதே கணக்கு. அந்தக் கணக்கை எழுத நெல்லை வாலிபர்கள் முன்வருவார்கள் என்று நம்புகிறோம்.