செம்பை நிரப்பினால் இரைச்சல் தீருமா?

அச்சிட்ட மின்சுற்றுப் பலகையில், அதாவது கடைவழக்கில் பிசிபி எனப்படுவதில், எஞ்சிய இடமெல்லாம் கிரவுண்டுச் செம்பை நிரப்பிவிட்டால் இரைச்சல் அடங்கிவிடும் என்னும் நம்பிக்கை மின்னணுவியலாளரிடையே சாத்திரமாகவே ஆகிவிட்டது. அண்மையில் புதுச்சேரியில் நடந்த மாணவர் கண்காட்சி ஒன்றில், பத்தாயிரம் வோல்ட் வரை அளக்கும் என்ற அறிவிப்போடு வைக்கப்பட்டிருந்த மின்னழுத்தப் பகுப்பியில், பத்து மெகா ஓம் மின்தடையங்கள் பத்து வளைந்து வளைந்து வரிசையாக நிற்க, அவற்றின் அடியில் செம்பு பளபளவென விரிந்திருந்தது. பார்வைக்கு அழகாக இருந்ததால் பரிசும் கிடைத்தது.

மின்னழுத்தம் வேறுபட்ட இரு கடத்திகளுக்கிடையே காப்புப் பொருள் இருந்தால் அங்கே மின்னூட்டம் தேங்கும் என்பதும், வடிவமைப்பாளர் வைக்காமலேயே அமைந்துவிடும் அத்தகைய தேக்கமே வேண்டாத மின்தேக்குத்திறன் என்பதும் முதலாண்டுப் பாடம். எஃப்ஆர்-4 எனப்படும் 1.6 மி.மீ. கண்ணாடியிழைப் பலகையின் இருபுறமும் ஒரு சதுர சென்டிமீட்டர் செம்பு எதிரெதிரே இருந்தாலே ஏறத்தாழ 2.4 பிக்கோஃபாரட் கிடைத்துவிடும். ஒரு கிலோ ஓம் மின்தடையத்துக்கு அது தூசு. நூறு மெகா ஓம் சங்கிலிக்கோ அதன் நடுப்புள்ளியிலிருந்து கிரவுண்டுக்கு ஒரே ஒரு பிக்கோஃபாரட் இருந்தால்கூட 25 மைக்ரோவினாடித் தாமதம் பிறக்கும். மின்னல் சோதனைக்கான நியம அலை 1.2 மைக்ரோவினாடியில் உச்சம் ஏறுவது. பரிசு பெற்ற அக்கருவி அதை எப்படிக் காட்டும் என்று நடுவர்களைத்தான் கேட்க வேண்டும்.

இந்த நம்பிக்கையை மறுக்க ஆய்வுக்கூடத்துக்கு வெளியே போக வேண்டியதில்லை. அலைகாட்டியின் பத்துக்கு ஒன்று ஆய்வுமுனையில் 9 மெகா ஓம் மின்தடையம் இருக்கிறது. அதனுடன் ஒரு சிறு மின்தேக்கியும், அதைச் சரிசெய்ய ஒரு திருகும் இருக்கின்றன. சதுர அலையின் மூலை மழுங்கினால் ஒருபுறமும் முனைத்துக்கொண்டு எழுந்தால் மறுபுறமும் அத்திருகைத் திருப்பாத மாணவர் இல்லை. மின்தடையம் வெறும் மின்தடையமே என்றால் அந்தத் திருகு அலங்காரத்துக்கா வைக்கப்பட்டது? ஒன்பது மெகா ஓமுக்கே திருகு வேண்டியிருக்கையில், நூறு மெகா ஓமுக்குச் செம்புக் கம்பளம் போதும் என்பவர், காலையில் திருகிய ஆய்வுமுனையை மாலையில் மறந்துவிட்டவர் என்றே கொள்ள வேண்டும்.

செய்ய வேண்டியது கடினமும் அன்று. உயர்மதிப்பு மின்தடையங்களுக்கு அடியில் எல்லா அடுக்குகளிலும் செம்பை எடுத்துவிட்டு, பலகையையே நீளவாக்கில் வெட்டிப் பிளவு விடலாம். பலகைப் பொருளின் மின்காப்பு மாறிலி 4.4 அளவினது, காற்றினது ஏறக்குறைய 1 என்பதால் பிளவு தேக்கத்தைக் குறைக்கும். சங்கிலியை நேர்க்கோட்டில் அமைக்க வேண்டும். வளைத்து மடக்கினால் மேல்முனையும் கீழ்முனையும் அருகருகே வந்து, வேகமான அலை மின்தடையங்களைத் தாண்டிக் குதித்துவிடும். தவிர்க்கவே முடியாமல் மிஞ்சும் தேக்குத்திறனுக்கு, ஒவ்வொரு மின்தடையத்துக்கும் இணையாக அதைவிடப் பெரிய, ஒரே மதிப்புள்ள மின்தேக்கியை வைத்து அதை மூழ்கடிக்கலாம். அந்தத் திருகு செய்வதும் இதே இணைத்தேக்கி வேலைதான்.

அந்தப் பிளவுக்குப் புதுச்சேரியில் இன்னொரு பயனும் உண்டு. கடற்காற்றின் உப்பும் ஈரமும் பலகையின் மேல் படிந்து, மின்தடையத்துக்கு இணையாகக் கள்ளவழி ஒன்றைத் திறந்துவிடும். வெட்டிய இடத்தில் அந்தப் படலத்துக்குப் பாதை இல்லை. தட்டாஞ்சாவடியிலும் சேதராப்பட்டிலும் தொழிற்பேட்டைகள் இருக்கும் ஊரில் இதைக்கூடச் சொல்லித்தராத பாடத்திட்டம், மின்தேக்கியின் சூத்திரத்தை மட்டும் தேர்வில் எழுதச் சொல்கிறது. மாணவரோ மென்பொருளின் நிரப்பு பொத்தானை அழுத்திவிட்டு, அதையே வடிவமைப்பு என்று அறிக்கையில் எழுதுகிறார். ஆயத்தமாக விலைக்கு வாங்கிய செயல்திட்டமானால் அந்தப் பொத்தானைக்கூட அவர் அழுத்தியிருக்க மாட்டார்.

இனி இத்தகைய கருவிக்குப் பரிசு தரும் முன், நடுவர்கள் அதற்கு ஒரு சதுர அலையைக் கொடுத்துப் பார்க்கட்டும். மூலை மழுங்கினால் பலகையைத் திருப்பி அனுப்பட்டும்.