பிறந்த தேதியில் பிழையா? ஓய்வு பெறும் நாள் வரை காத்திருக்காதீர்கள்!



அலமாரியில் பிளாஸ்டிக் பையில் சுற்றி வைத்திருக்கும் சூராட் பெரானாவை எடுங்கள். பக்கத்தில் ஐ.சி.யை வையுங்கள். இரண்டிலும் பிறந்த தேதி ஒன்றுதானா? நீங்கள் அரசாங்க ஊழியர் என்றால் மூன்றாவது கேள்வியும் உண்டு. இலாகாவில் இருக்கும் உங்கள் சேவைப் பதிவுப் புத்தகத்தில் என்ன தேதி எழுதியிருக்கிறது? வேலைக்குச் சேர்ந்த நாளில் கையெழுத்துப் போட்டதோடு சரி, அதன் பிறகு அதைத் திறந்தே பார்க்காதவர்கள்தாம் நம்மில் அதிகம்.

இந்தப் பிழை எங்கிருந்து வந்தது? நம் தாய்மார்கள் பலர் தோட்டத்து லயத்திலேயே பிள்ளை பெற்றார்கள். மருத்துவச்சி வந்தார், பிள்ளை பிறந்தது. பதிவு செய்ய டவுனுக்குப் போனால் ஒரு நாள் சம்பளம் போய்விடும். அப்பா மாதக் கணக்கில் கழித்துப் போனார், அல்லது கிராணியாரிடம் வாயால் சொல்லி அனுப்பினார். தமிழ் மாதத்தில் சொன்ன தேதியை மலாயில் எழுதும்போது ஒன்று மாறியது. பதிவு செய்த நாளே பிறந்த நாளாகவும் ஆனது. பிறகு தோட்டங்கள் துண்டாடப்பட்டன, விற்கப்பட்டன. தோட்ட ஆஸ்பத்திரியும் போனது, அதன் புத்தகங்களும் போயின. ஏழைக்கு எழுத்துச் சாட்சி எட்டாமல் போன கதை இது. இதில் நம் மக்கள் வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஆனால் அதன் விலையை யார் கொடுக்கிறார்கள்? அரசாங்க ஊழியரின் கட்டாய ஓய்வு வயது 2001இல் 56 ஆனது, 2008இல் 58, 2012இல் 60. அந்த வயதைக் கணக்கிடுவது பதிவில் உள்ள தேதியை வைத்துத்தான். பதிவு உங்களை ஓராண்டு மூத்தவராகக் காட்டினால், ஓராண்டு முன்னதாகவே வீட்டுக்கு அனுப்பப்படுவீர்கள்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஓய்வூதியத் திட்டத்தில் உள்ளவருக்கு, கடைசிச் சம்பளத்தைச் சேவை மாதங்களால் பெருக்கி 600ஆல் வகுத்தால் வருவது மாத ஓய்வூதியம். அதிகபட்சம் 360 மாதங்கள் சேரும். நகராண்மைக் கழகத் தொழிலாளி ஒருவரின் கடைசிச் சம்பளம் 2,400 ரிங்கிட் என்று வைத்துக்கொள்வோம். 24 ஆண்டு சேவைக்கு 1,152 ரிங்கிட் வரும். பிழையான தேதியால் 23 ஆண்டில் முடிந்தால் 1,104 ரிங்கிட்தான். மாதம் 48 ரிங்கிட், சாகும் வரை! பணிக்கொடையில் 2,160 ரிங்கிட் குறையும். அந்த ஓராண்டு முழுச் சம்பளத்துக்குப் பதிலாக அதில் பாதிகூட இல்லாத ஓய்வூதியத்தில் குடும்பம் நடக்க வேண்டும். இது சின்ன விஷயமா?

என்ன செய்யலாம்? முதலில், பிழை எந்த இடத்தில் என்று கண்டுபிடியுங்கள்.

சூராட் பெரானாவும் ஐ.சி.யும் சரி, சேவைப் புத்தகம் மட்டும் தவறு என்றால் வழி சுலபம். இரண்டின் உறுதிப்படுத்திய நகல்களோடு இலாகாவின் மனிதவளப் பிரிவுக்குக் கடிதம் கொடுங்கள். உங்கள் பிரதியில் பெற்றுக்கொண்ட முத்திரையும் தேதியும் வாங்குங்கள். "நான் பார்த்துக்கிறேன் அண்ணே" என்ற வாய் வார்த்தையை நம்பித் திரும்பாதீர்கள். பத்து ஆண்டுக்குப் பிறகு அந்த அதிகாரி அங்கே இருக்க மாட்டார், உங்கள் முத்திரைக் கடிதம் இருக்கும்.

சூராட் பெரானாவே தவறு என்றால், இலாகாவோடு சண்டை போட்டுப் பயனில்லை. முதலில் தேசியப் பதிவு இலாகாவுக்குப் போக வேண்டும். தீபகற்ப மலேசியாவில் 1957ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம், 27ஆம் பிரிவில், பதிவேட்டுப் பிழையைத் திருத்த வழி வைத்திருக்கிறது. பெற்றோர் போன்று தகவல் தரக் கடமைப்பட்ட இருவர், அவர்கள் இல்லாவிட்டால் உண்மை தெரிந்த நம்பத்தகுந்த இருவர், அக்குவான் பெர்சும்பா எனப்படும் சத்தியப் பிரமாணம் தர வேண்டும். அம்மா உயிரோடு இருக்கும்போதே இதைச் செய்யுங்கள். சாட்சிகளும் மூப்படைகிறார்கள்.

பிரமாணம் மட்டும் போதும் என்று இருந்துவிடாதீர்கள். தமிழ்ப்பள்ளிச் சேர்க்கைப் பதிவு, ஆஸ்பத்திரிக் குறிப்பு, தடுப்பூசி அட்டை, ஞானஸ்நானப் பதிவு, அண்ணன் தங்கையின் பிறப்புப் பத்திரங்கள் என்று பழைய தாள் எது கிடைத்தாலும் சேருங்கள். தங்கை பிறந்து நான்கே மாதத்தில் நீங்கள் பிறந்ததாகப் பதிவு சொன்னால், அதுவே பிழைக்குச் சாட்சி. சாதகம் துணைக்கு உதவலாம், தனியாக நிற்காது.

ஐ.சி எண்ணின் முதல் ஆறு இலக்கங்கள் உங்கள் பிறந்த தேதிதான். தேதி திருந்தினால் எண்ணும் மாற வேண்டி வரும். ஆகவே கே.டபள்யூ.எஸ்.பி, வங்கி, காப்புறுதி, லைசென்ஸ் எல்லாவற்றிலும் மாற்றிவிடுங்கள். ஒன்றை விட்டாலும், நாளை உங்கள் மனைவி குடும்ப ஓய்வூதியம் கேட்கும்போது அது வந்து குறுக்கே நிற்கும்.

ஏன் இன்றே? தாமதம் நல்ல வழக்கையும் கெடுக்கும். 1956இல் வேலைக்குச் சேர்ந்து, 1991இல்தான் பிறந்த தேதியைத் திருத்தக் கேட்ட ஓர் அரசு ஊழியரின் கோரிக்கையை இந்திய உச்ச நீதிமன்றம் 1993இல் நிராகரித்தது. இத்தனை ஆண்டு ஏன் பேசாமல் இருந்தாய் என்பதே அங்கு கேள்வி. அந்தத் தீர்ப்பு நம் நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாது. ஆனாலும் இந்தியத் தீர்ப்புகளை இங்கே எடுத்துக்காட்டி வாதாடுவது வழக்கம்.

விண்ணப்பத்தை நிராகரித்தால் காரணத்தோடு எழுத்தில் கேளுங்கள். நீதிமன்றச் சீராய்வுக்கு, முடிவு தெரிந்த நாளிலிருந்து மூன்று மாதங்கள்தாம் அவகாசம். மேல்முறையீட்டுக் கடிதம் எழுதிக்கொண்டே அதைக் கடத்திவிடாதீர்கள். வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணமில்லையா? வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையத்தில் போய்க் கேளுங்கள்.

ஒரு எச்சரிக்கை. இன்னும் இரண்டு ஆண்டு வேலை பார்க்கலாம் என்று இல்லாத தேதியைச் சொல்லிப் பிரமாணம் செய்யாதீர்கள். பொய்ப் பிரமாணம் குற்றம். அப்படி ஒருவர் பிடிபட்டால், உண்மையான பிழையோடு வரிசையில் நிற்கும் பத்துப் பேர் மீதும் சந்தேகம் விழும்.

தன் பிறந்த தேதி சரியாக எழுதப்பட வேண்டும் என்று கேட்பது சலுகை அல்ல. காட்டை அழித்து, பால் வெட்டி, சாலை போட்டு, இந்த நாட்டின் சாக்கடையைச் சுத்தம் செய்த குடும்பங்கள் நாம். நாம் எந்த நாளில் பிறந்தோம் என்பதையாவது இந்த நாடு சரியாக எழுதி வைக்கட்டும். அதைக் கேட்க வேண்டியவர்கள் நாம்தான். இன்றிரவு அந்தப் பிளாஸ்டிக் பையைப் பிரியுங்கள். உங்களுடையதோடு பிள்ளைகளுடையதையும் சரிபாருங்கள்!